தேவஇரக்கத்திடம் சர்க்கார் பணிந்த கதை

"பரீட்சைக்குப் போக மாட்டேன்!" என்று தேவஇரக்கம் சாப்பாட்டு வட்டிலில் ஒரு குத்து விட்டார். வட்டிலில் இருந்த ரசம் பாதி அவருடைய கதர்ச் சட்டையிலும், மீதி அவர் மனைவி இன்பத்தின் முகத்திலும் போய்ச் சேர்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வீட்டில் எல்லாத் தீர்மானமும் அப்படித்தான் நிறைவேறும். முன்மொழிபவர் அவர். வழிமொழிபவரும் அவர். பொதுமக்கள் என்ற ஸ்தானத்தில் இன்பம் ஒருத்தி. மகளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்த பிறகு கூட்டம் அந்த அளவுக்கு மெலிந்துவிட்டது.

"என்ன பரீட்சை?" என்று இன்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"புதுச் சட்டமாம். சொந்தக் கார் ஓட்டுதவனுக்குச் சாதா லைசென்ஸ் போதுமாம். ஆளை ஏத்திக் காசு வாங்குத பஸ்ஸுக்கும், மூட்டை ஏத்துத லாரிக்கும் அது பத்தாதாம். அதுக்கு மேலே தனி அனுமதி வாங்கணும். வாங்கினவன் நெஞ்சிலே பித்தளை வில்லை குத்திக்கிடணும், கோர்ட்டு டபேதார் மாதிரி."

"வில்லை குத்தினா நல்லாத்தானே இருக்கும்?"

"நல்லா இருக்கும்! நாய் கழுத்திலே தகடு கட்டுதான், அதுவும்தான் நல்லா இருக்கு. ஏட்டி, இந்த ராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூருக்கும் நடுவிலே எந்தப் பள்ளம் எங்கே இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எனக்கு ஒருத்தன் பரீட்சை வைக்கவா?"

"கண்ணைத் திறந்து ஓட்டுதீங்களான்னு பாக்கத்தான் வைக்காங்களோ என்னமோ."

தேவஇரக்கம் சட்டையில் இருந்த ரசத்தைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட குறுக்குக் கேள்விகளை அவர் பொதுக்கூட்டங்களிலும் கவனித்ததில்லை.

அவர் சாதாரண டிரைவர் அல்ல. கள்ளுக்கடை வாசலில் படுத்து மறியல் செய்தவர். தடியடி பட்டவர். ஆறு மாதம் ஜெயிலில் களி தின்றவர். அவரோடு உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் போர்டு மெம்பர் ஆனார்கள். மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். தேவஇரக்கம் வெளியே வந்ததும் டிரைவர் ஆனார். மெம்பர்கள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, முன் ஸீட்டில் உட்கார்ந்து, அவரையே "ஏய் டிரைவர், மெதுவாப் போ" என்றார்கள். தியாகத்துக்கு இந்த தேசத்தில் கிடைக்கும் மரியாதை அது. மிச்சமிருந்த மரியாதையை அவர் வீட்டில் வசூலித்துக்கொண்டார்.

யுத்தம் தொடங்கியதும் வீட்டில் ஒரு கட்டளை பிறந்தது: "வெள்ளைக்காரன் சண்டைக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு முழ நூல்கூடப் போகாது."

கட்டளைக்குக் காரணம் எதிர்வாசலில் இருந்தது. அவர்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கட்டுத் துணி ஷெட் வந்திருந்தது. சல்லாத் துணியை நெய்து, வெளுத்து, கிழித்து, காயத்துக்குக் கட்டும் சுருள்களாகச் சுற்றிப் பெட்டியில் அடைப்பார்கள். பெட்டிகள் ரயிலேறி எங்கெங்கோ பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே சுருள் சுற்றப் போனார்கள். இன்பமும் போகக் கேட்டாள்.

"அது யுத்தத் துணி" என்றார் தேவஇரக்கம்.

"காயத்துத் துணிதானே? காயம் பட்டவன் என்ன கட்சின்னு துணிக்குத் தெரியுமா? பகலெல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்கு."

"முடியாது. சர்க்காருக்கு இந்த வீடு பணியாது. நானும் பணிய மாட்டேன், நீயும் பணியக்கூடாது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்தார். தீர்மானம் போட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நினைப்பது அரசியல்வாதிகளின் பழைய வியாதி.

வட்டிலில் குத்திய மறுநாள் பஸ் ஸ்டாண்டில், அடுத்த வண்டியின் டிரைவர் சேக் முகைதீனைப் பிடித்து, பரீட்சையைப் பகிஷ்கரிப்பதாகச் சத்தியம் வாங்கினார். சேக் முகைதீன் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அண்ணே என்றால் உயிர். உடனே சத்தியம் செய்தான். செய்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பரீட்சை ரொம்பக் கடுசாம் அண்ணே. வண்டி ஓட்டிக் காட்டணும், ரோட்டுச் சட்டம் சொல்லணும். பஸ்ஸிலே மருந்துப் பெட்டி வைக்கணும்லா, அதனாலே இந்த இன்ஸ்பெக்டர் தம் பங்குக்குக் காயத்துக்குக் கட்டும் போடச் சொல்லுதாராம். வன்னியம்பட்டி லாரிக்காரன் ஒருத்தன் எல்லாம் நல்லாச் செஞ்சானாம். கட்டுப் போடச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் கையையும் சேத்துக் கட்டிட்டானாம். ஃபெயிலு."

"அப்படித்தான் கட்டணும்!"

"இன்னொண்ணு. மூஞ்சி சிரிச்சபடி இருக்கணுமாம். நடுவிலே ஒரு தடவை கோபப்பட்டாலும் ஃபெயிலாம். பஸ்காரன் ஜனங்க கிட்டே எரிஞ்சு விழப்படாதுன்னு சொல்லுதாராம்."

இதைக் கேட்டுத் தேவஇரக்கம் எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் பஸ் முதலாளி ராஜு கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு அரசியல் கிடையாது; நாலு பஸ் மட்டும் உண்டு.

"ஏமய்யா தேவஇரக்கம், வில்லை வாங்க மாட்டேன்னு சொன்னீராமே?"

"கொள்கை, முதலாளி."

"பாக உந்தி, நல்லா இருக்கு. கொள்கையை வச்சுக்கும். ஆனா ஒண்ணாந்தேதி முதல் வில்லை இல்லாதவன் ஸ்டியரிங்கைத் தொடப்படாது. உமக்கு வேலை இல்லேன்னு சொல்லலே. வண்டி கழுவும். கிளீனருக்குப் பரீட்சை கிடையாது."

தடியடியின்போது கலங்காத தேவஇரக்கம் அப்போது கலங்கினார். தான் வாளியும் கையுமாக நிற்க, சேக் முகைதீன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, போர்டு மெம்பர் முன் ஸீட்டிலிருந்து "ஏய், அந்தக் கண்ணாடியை இன்னும் நல்லாத் தொடை" என்று சொல்வது கண்ணில் தெரிந்தது.

வீடு வந்து சேருவதற்குள் ஒரு திட்டம் பிறந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பரீட்சை கொடுப்பது. பாஸ் ஆனால், "சர்க்கார் பணிந்து வில்லையை அனுப்பி வைத்தது" என்று சொல்வது. ஃபெயில் ஆனால், "நான்தான் பகிஷ்கரித்தேனே" என்று சொல்வது. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெற்றி. இன்பத்துக்கு மட்டும் தெரியக்கூடாது. ஊர் சிரித்தால் அவர் தாங்குவார். ஊருக்கு அவர் துண்டுப் பிரசுரம் போட்டுப் பதில் சொல்ல முடியும். இன்பம் சிரித்தால் தாங்கமாட்டார்.

வண்டி ஓட்டுவதில் பயம் இல்லை. ரோட்டுச் சட்டத்தை, தப்புக் கண்டுபிடிக்கவென்றே முன்பே படித்து வைத்திருந்தார். கட்டுதான் இடித்தது. பழைய கதர் வேட்டி ஒன்றைக் கிழித்துச் சுருளாக்கினார். ஒரு லீவு நாள் பகலில், இன்பம் தண்ணீருக்குப் போன சமயம் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்து தன் வலது காலிலேயே ஒத்திகை தொடங்கினார்.

சுற்றினார், சுற்றினார். வேட்டி தீர்ந்ததும் முடிச்சுப் போட்டார். எழுந்தார். கட்டிலும் கூடவே எழுந்தது.

அந்த நேரம் பார்த்து இன்பம் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"ஐயையோ! என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லே. கால் சுளுக்கிட்டு."

"கட்டு யாரு போட்டா?"

"நானேதான்."

இன்பம் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "கட்டில் காலும் சுளுக்கிட்டு போல. சேத்துப் போட்டுட்டீகளே."

அதற்கப்புறம் நடந்தது கொடுமை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டாள். நல்ல காலில் அது எரிந்த எரிச்சல் தடியடியில்கூட இல்லை. சேக் முகைதீனின் மனைவி அசீனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அசீனா ஏதோ காதில் சொன்னாள். இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரக்கத்தால் அழுகிறார்கள் என்று தேவஇரக்கம் நினைத்துக்கொண்டார்.

நொண்ட வேண்டியதாயிற்று. நாள் முழுக்க நொண்டுவது லேசான காரியம் அல்ல. எந்தக் கால் என்பது அடிக்கடி மறந்துபோகும்.

"ஏங்க, நேத்து வலது காலைத்தானே நொண்டினீங்க?"

"வலி... இடம் மாறிருச்சு."

"பொல்லாத வலியா இருக்கே! உக்காருங்க, இந்தக் காலுக்கும் கட்டுப் போடுதேன்."

இதிலேதான் தேவஇரக்கத்துக்குப் பேரதிர்ஷ்டம் அடித்தது. இன்பம் கட்டுப் போட்ட அழகே அழகு. பாதத்தில் ஒரு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று, குறுக்கே இழுத்து மறுபடி பாதம். ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று. கடைசியில் நுனியைக் கிழித்து இரண்டாக்கி, உறுத்தாத பக்கமாக ஒரு முடிச்சு. தினமும் சாயங்காலம் அவிழ்த்துப் புதிதாகப் போட்டாள். சில நாள் காலில், சில நாள் "சும்மா பாப்போம்" என்று முழங்கையில், ஒரு நாள் தலையில்கூட. அதுவும் அவசரமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி காட்டுவதுபோல் மெதுவாக.

தேவஇரக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் மனத்தில் ஏற்றினார். 'அடி பைத்தியக்காரி, உனக்குத் தெரியாமலே உன் வித்தையைத் திருடுகிறேன் பார்' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவளுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பரீட்சை நாள் வந்தது.

"சோழபுரத்திலே பகிஷ்காரக் கூட்டம். நான்தான் தலைமை" என்று சொல்லிக் கிளம்பினார்.

"போய்ட்டு வாங்க. தலைமை தாங்குதவிய நொண்டிக்கிட்டுப் போனா மரியாதையா இருக்காது. நேரா நடங்க" என்று புளிச்சோற்றைக் கட்டிக் கொடுத்தாள் இன்பம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தாலுகா கச்சேரிக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு பழைய பஸ்ஸும் ஒரு பெஞ்சும் கிடந்தன. தேவஇரக்கம் தலைப்பாகையைப் புருவம்வரை இழுத்துவிட்டுப் பெஞ்சின் ஒரு மூலையில் ஒதுங்கினார். மறுமூலையில் ஒருவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெகுநேரம் மரியாதையாக இருந்தார்கள்.

"சேக் முகைதீன்!" என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

துண்டு எழுந்தது. துண்டும் தலைப்பாகையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அண்ணே! நீங்களா?"

"சத்தியத்தை எவன் மீறுதான்னு பாக்க வந்தேம்லே. நீ எதுக்கு வந்தே?"

"நானும் அதைப் பாக்கத்தான் அண்ணே."

"அப்ப உம் பேரை எப்படிலே கூப்பிட்டான்?"

"எவனோ எம் பேரைக் கொடுத்திருக்கான் அண்ணே. என்னன்னு கேட்டுட்டு வந்திருதேன்."

அவன் பஸ்ஸில் ஏறிப் போய், வெகு நேரம் கழித்துப் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான். "தேவஇரக்கம்!" என்று அடுத்த கூப்பாடு வந்தது.

"உங்க பேரையும் கொடுத்திருக்கான் அண்ணே, படுபாவி" என்றான் சேக் முகைதீன் பணிவாக.

இன்ஸ்பெக்டர் தொப்பி வைத்த, ஒல்லியான மனிதர். கையில் பென்சிலும் காகிதமும். முன் ஸீட்டில் உட்கார்ந்து, "ராஜபாளையம் வரை போய்த் திரும்பும்" என்றார்.

தேவஇரக்கத்துக்கு நிஜமாகவே கால் சுளுக்கிக்கொண்டது போலிருந்தது. "மதுரை ரோட்டுப் பக்கம் போனா நல்ல காத்து வரும் சார்" என்று சொல்லிப் பார்த்தார்.

"காற்று வாங்க வரவில்லை. ராஜபாளையம். திருப்பத்தில் மட்டும் ஹாரன் ஒரு தடவை. அனாவசியமாக அடித்தால் மார்க் போய்விடும்."

ஹாரன் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து பஸ்ஸில் ஹாரன் என்பது ரப்பர் பந்து. கையால் பிசைந்தால் கத்தும். ராஜபாளையத்து டிரைவர்கள் ஒவ்வொருவரும் தன் தெருமுனையைத் தாண்டும்போது தனக்கென்று ஒரு தினுசில் பிசைவார்கள். சேக் முகைதீனுக்கு ஒரு நெட்டை, மூன்று குட்டை. தேவஇரக்கத்துக்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அது கேட்டதும் இன்பம் ஒரு செம்புத் தண்ணீரோடு தெருமுனைக்கு ஓடி வருவாள். எஞ்சினை நிறுத்தாமல் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுப்பார். ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது வட்டிலில் சோறு இருக்கும். எத்தனையோ வருஷமாக அப்படி.

தேவஇரக்கம் அன்று ஓட்டியதுபோல் என்றுமே ஓட்டியதில்லை. மாட்டு வண்டிக்கு வழி விட்டார். ஆட்டு மந்தைக்கு நின்றார். வழியில் குறுக்கே வந்த கிழவரை "தாத்தா, பைய வாங்க" என்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார். கிழவர் பயந்துபோய் ஓடினார். இன்ஸ்பெக்டரின் பென்சில் திருப்தியோடு நகர்ந்தது.

ராஜபாளையம் வந்தது. மில் சங்கு கேட்டது. அவருடைய தெருமுனை தெரிந்தது. 'அடிக்காதே, அடிக்காதே' என்று அவர் தன் வலது கைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கை அவருடையதுதான். ஆனால் பழக்கம் வயிற்றினுடையது. பகல் சாப்பாட்டு நேரம் வேறு.

பாம், பாம், பாஆஆம்!

பென்சில் ஒரு மார்க்கை வெட்டியது. அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. அவர் கண் தானாகவே வீட்டு வாசலுக்குப் போனது. வாசல் கதவு பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து, கட்டுத் துணி ஷெட்டின் கேட்டைத் திறந்துகொண்டு, ஒரு செம்பு வெளியே வந்தது. செம்புக்குப் பின்னால் இன்பம். தலை முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒரே பகலில் நரைத்துவிட்டாளோ என்று ஒரு கணம் திகைத்தார். அது பஞ்சு.

"ஏட்..." என்று கர்ஜனையைத் தொடங்கினார். பக்கத்தில் பென்சில் உயர்ந்தது. "...இன்பம்மா" என்று முடித்துச் சிரித்தார்.

"யார் இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுக்காரி, சார்."

"கும்பிடுதேன் ஐயா" என்றாள் இன்பம். செம்பை முதலில் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "வெயிலு. செத்த தண்ணி குடிங்க. இவிய சோழபுரத்திலே பகிஷ்..."

"ஜெபக்கூட்டம்!" என்று அலறினார் தேவஇரக்கம், சிரிப்பு மாறாமல்.

"ஆமாய்யா, ஜெபக்கூட்டம். அங்கேதான் போறேம்னு சொன்னாக. ரொம்ப பக்தி." இன்பம் கணவன் பக்கம் திரும்பினாள். குரலில் தேன். "ஏங்க, ஷெட்டிலே என்னை நிரந்தரமா வரச் சொல்லுதாக. மேஸ்திரி கேட்டுக்கிட்டே இருக்காரு. உங்களைக் கேக்காமச் சொல்ல மாட்டேம்னுட்டேன். போகட்டுமா?"

தேவஇரக்கத்தின் மீசை துடித்தது. யுத்தத் துணி! எதிர்வாசலிலேயே! கழுத்து நரம்பு புடைத்தது. இன்ஸ்பெக்டர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாள். பதில் சொல்லுமே" என்றார்.

வண்டி கழுவும் வாளி தேவஇரக்கத்தின் கண்முன் வந்து போயிற்று.

"போ" என்றார்.

"மேஸ்திரிக்குக் கேக்கணும், சத்தமாச் சொல்லுங்க."

"போ!"

"சிரிச்சுச் சொல்லுங்க. ஐயா பாக்காக."

அவர் சிரித்தார். கேட்டுக்குப் பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அதில் அசீனாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கினார். "நல்லதாகப் போயிற்று. கட்டுப் பரீட்சையை இங்கேயே முடித்துவிடலாம். இந்த அம்மாள் முழங்கை ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளும். கட்டும் பார்ப்போம்."

கேட்டிலிருந்து புத்தம்புதுச் சுருள் ஒன்று பறந்து வந்தது. தேவஇரக்கம் கட்டினார். வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போக வேண்டிய துணியால், ஷெட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க, தன் மனைவியின் முழங்கையில், ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்றாக அற்புதமாகக் கட்டினார். நுனியைக் கிழித்து உறுத்தாத பக்கம் முடிச்சும் போட்டார்.

"பலே! எங்கே கற்றீர்?"

"சொந்த அனுபவம், சார்."

"ஆமாய்யா. கால் சுளுக்கிலே கத்துக்கிட்டாக. ரெண்டு கால்லேயும்" என்றாள் இன்பம்.

மறுவாரம் வில்லை வந்தது. தேவஇரக்கம் அதைப் புளி போட்டுத் தேய்த்து நெஞ்சில் குத்திக்கொண்டு வாசலில் நின்று, முதல் திட்டப்படியே, தெருவுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். தியாகத்தின் முன்னால் சர்க்கார் பணிந்துவிட்டது என்றார். தாங்களாகவே வில்லையை அனுப்பிவிட்டார்கள் என்றார். வில்லை குத்திய சேக் முகைதீன் பலமாகக் கைதட்டினான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் குரல் மாறியது.

"ஏட்டி, அன்னைக்குச் சொன்ன சம்மதம் செல்லாது. நிர்ப்பந்தத்திலே வாங்கினது. நாளையிலேருந்து நீ ஷெட்டுக்குப் போகப்படாது. எத்தனை நாளா நடக்கு இந்தத் துரோகம்?"

"நீங்க வட்டில்லே குத்தினீங்களே, அதுக்கு முந்தியே சேந்துட்டேன். உங்க ஹாரன் கேட்டதும் கேட்டைத் தாண்டி ஓடி வந்து செம்போட நிப்பேன். சேக்கு தம்பி பரீட்சைக்குப் போறதை அசீனா சொன்னா. உங்களையும் கட்டிலோட பாத்துட்டேனா, மிச்சம் எனக்கே தெரிஞ்சு போச்சு. பரீட்சை வண்டி எப்பவும் இந்த வழியாத்தானே வரும்? அதான் அன்னைக்கு மட்டும் வீட்டுப் பக்கம் ஓடலே. கேட்டிலேயே நின்னேன்."

தேவஇரக்கம் கட்டிலில் உட்கார்ந்தார். ஆனாலும் விடவில்லை. "பகிஷ்காரம் பகிஷ்காரம்தான். தீர்மானம் நிக்குது."

"என்னத்துக்குங்க பகிஷ்காரம்? இப்பத்தானே வாசல்லே சொன்னீங்க, சர்க்கார் பணிஞ்சிருச்சுன்னு. பணிஞ்சவன் கிட்டே பொறவும் சண்டை போடுதது நல்லாவா இருக்கு?" இன்பம் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "இல்லே, சர்க்கார் பணியலே, நான்தான் தலைப்பாகையை இழுத்து விட்டுக்கிட்டுப் பரீட்சைக்குப் போனேம்னு சொல்லுங்க. அப்ப நானும் ஷெட்டுக்குப் போகலே. வாசல்லே இன்னும் ஆம்பிளைக நிக்காக, அவுகளுக்கு நாங்க யாரும் சொல்லலே. திருத்திச் சொல்லிட்டு வந்திருதேன்."

தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது.

"தீர்மானம் வாபஸ்" என்றார் தேவஇரக்கம்.

அன்றிலிருந்து அந்தத் தெருமுனையில் இரண்டு குட்டையும் ஒரு நெட்டையுமாக ஹாரன் கேட்டால் யாரும் வெளியே வருவதில்லை. கட்டுத் துணி ஷெட்டில் பகல் மணி அடித்ததும், நெஞ்சில் பித்தளை வில்லை மின்ன, ஒரு செம்புத் தண்ணீரோடு ஷெட்டின் கேட் வாசலில் வந்து நிற்பவர் தேவஇரக்கம்.